வெட்டிவேர்: தோட்டத்து அழகுக்கு ஒரு வறட்சிப் புல்

வேலியோரத்தில் கோடையிலும் பச்சை மாறாத புல் வேண்டுமென்றால் வெட்டிவேர் வையுங்கள். நாலைந்து அடி உயரத்துக்குக் குத்தாக எழும்பி, நுனி வளைந்து நிற்கும். வேர் பக்கவாட்டில் பரவாமல் ஆறடிக்கும் கீழே நேராக இறங்கும். மேல்மண் காய்ந்தாலும் தாங்கும், பக்கத்துச் செடியின் தண்ணீரிலும் பெரிதாகக் கை வைக்காது. வாசனை வேரில்தான். இலையைக் கசக்கி எலுமிச்சை மணம் வந்தால் நர்சரியில் எலுமிச்சைப்புல்லை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

விதை தேட வேண்டாம். தென்னிந்தியாவில் பயிராகும் ரகம் முளைக்கிற விதை வைப்பதில்லை. களையாகப் பரவாததும் அதனால்தான். ஒரு வருடம் கடந்த குத்தைக் கடப்பாரையால் பெயர்த்து, 2-3 சிம்பு (தூரிலிருந்து கிளைக்கும் தண்டு) சேர்ந்த துண்டுகளாகக் கையால் பிரியுங்கள். துண்டைத் திருப்பி அடியை விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக, வெளுப்பாக இருந்தால் நடலாம். பழுப்பேறித் தொய்ந்தால் பிழைக்காது. பிறகு இலையை 20 செ.மீ., வேரை 5-8 செ.மீ. விட்டு நறுக்குங்கள். வெட்ட மனசு வராமல் இலையை முழுசாக விட்டால், இன்னும் மண்ணைப் பிடிக்காத வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. நாலே நாளில் சருகாகும். அன்றே நட முடியாவிட்டால், அடி மட்டும் நனையும்படி வாளித் தண்ணீரில் நிறுத்திவையுங்கள்.

புரட்டாசி மழையோடு நடுவது நல்லது. ஒரு சாண் ஆழக் குழி, இரண்டு கைப்பிடி மக்கிய தொழுஉரம். களிமண்ணிலும் வளரும், மணல் கலக்கத் தேவையில்லை. குருத்து புதையாமல், அடித்தூர் மட்டும் மூடும்படி நட்டு, குதிகாலால் மிதித்து இறுக்குங்கள். உள்ளே காற்று இடைவெளி இருந்தால் வேர் காயும். தனித்தனிக் குத்தாகத் தெரிய 60 செ.மீ., வேலியாக அடைய 15 செ.மீ. இடைவெளி போதும்.

வறட்சி தாங்கும் புல்தானே என்று முதல் இரண்டு மாதம் விட்டுவிடாதீர்கள். மழை இல்லாத நாட்களில் முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் இருமுறை தண்ணீர். வேர் இறங்கியபின் கடும் கோடையில் மட்டும் பதினைந்து நாளுக்கு ஒரு வாளி ஊற்றினால் சரி. மாமரத்தடியில் மட்டும் வைக்காதீர்கள். நிழலில் தூர் கட்டாது, மெலிந்து சாயும். உரம் போட்டும் பயனில்லை.

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை 40 செ.மீ. விட்டு அறுங்கள். இலை விளிம்பு கையைக் கீறும், கையுறை வேண்டும். அறுத்ததை மற்றச் செடிகளுக்கு மூடாக்காகப் போடலாம். அறுக்காமல் விட்டால் நடுவில் சருகு அடைந்து கரையான் ஏறும். சில வருடங்களில் நடு காய்ந்து குத்து வளையமாகிவிட்டால், தோண்டி, ஓரத்துச் சிம்புகளைப் பிரித்து மறுபடி நடுங்கள்.

வேரும் வேண்டுமென்றால் தரையில் நடாதீர்கள். இறுகிய மண்ணில் தோண்டும்போது பாதி அறுந்து உள்ளேயே நிற்கும். கடலூர்ப் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் இதைப் பயிரிடுவது சும்மா இல்லை. வீட்டில், அடியில் துளையிட்ட சிமெண்ட் சாக்கில் மூன்று பங்கு மணல், ஒரு பங்கு தொழுஉரம் நிரப்பி நடுங்கள். பதினைந்து மாதம் கழித்துச் சாக்கைக் கிழித்து மண்ணை அலசினால் வேர் முழுசாகக் கிடைக்கும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் மணம் போய்விடும்.