வேலூருக்கு ரயிலேறிய சீரம்: எச்.ஐ.வி. எலைசாவுக்கு ரத்த மாதிரி தயாரிப்பது

1986 பிப்ரவரி. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா சேகரித்த மாதிரிகள், ஐஸ் பெட்டியில் ராத்திரி ரயிலில் காட்பாடி போய், ஆட்டோவில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை சேர்ந்தன. அங்கே செய்தது எலைசா: எச்.ஐ.வி.க்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இருக்கிறதா என்று நிறமாற்றத்தால் காட்டும் பரிசோதனை. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது அதில்தான். வேலூர் போகும்வரை அந்த மாதிரிகள் இருந்தது வீட்டு ஃபிரிட்ஜில்! முழு ரத்தமாக இருந்திருந்தால் அது சிக்கல். பிரித்தெடுத்த சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீர், என்பதால் தாங்கியது.

அந்தச் சீரத்தைத் தயாரிக்கும் முறை இது. முதலில் பரிசோதனைக்கு வருபவருக்கு ஆலோசனை, அவரின் சம்மதம். பிறகு சிவப்பு மூடிக் குழாயில் 5 மி.லி. ரத்தம். ஸ்பிரிட் காய்ந்தபின் குத்துங்கள். ஈரத்தோடு குத்தினால் சிவப்பணு உடையும். குழாயைக் குலுக்கினாலும் அதேதான். பெயர், எண்ணை அந்த இடத்திலேயே ஒட்டிவிடுங்கள். ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள், விரலில் குத்துவது பெரும்பாலும் அப்போதுதான்.

குழாயை அறை வெப்பத்தில் நிமிர்த்தி 30 முதல் 45 நிமிடம் விடுங்கள். இங்கே அவசரப்படுகிறவர்கள் அதிகம். உறைவது முடியுமுன் சென்ட்ரிஃப்யூஜில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) சுற்றினால் சீரத்தில் ஃபைப்ரின் நூல், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் புரத இழை, தங்கும். எலைசா தட்டில் மாதிரியை ஊற்றும் சிறு குழியில் அது கழுவலுக்குப் போகாமல் ஒட்டிக்கொண்டு பொய்யாக நிறம் காட்டும். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் 3000 ஆர்.பி.எம்., 10 நிமிடம். எதிரே அதே எடையில் தண்ணீர்க் குழாய் வையுங்கள். மேலே நிற்கும் சீரத்தைப் பிப்பெட்டில் எடுக்கும்போது கட்டியைத் தொடாமல் கொஞ்சம் விட்டுவிடுங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. சிவந்திருந்தால் மறுபடி ரத்தம் எடுப்பதே சரி.

2 முதல் 8 டிகிரியில் ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் என்றால் மைனஸ் 20. பல சிறு குப்பிகளில் பிரித்து வையுங்கள், உருக்கி உருக்கி உறைய வைத்தால் ஆன்டிபாடி கெடும். முழு ரத்தத்தை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

அனுப்பும்போது திருகுமூடிக் குப்பி, சுற்றிப் பஞ்சு, கசியாத உறை, வெளியே கெட்டிப் பெட்டி, ஐஸ் பேக். சிந்தினால் காகிதம் போட்டு மூடி, 1 சதவீத ஹைப்போகுளோரைட் (கிருமிநாசினி பிளீச் கரைசல்) ஊற்றி 30 நிமிடம் கழித்துத் துடையுங்கள்.

1986-இல் வேலூரில் ஆறு குழிகள் மஞ்சளாயின, அதாவது எச்.ஐ.வி. இருக்கலாம் என்று காட்டின. அதோடு முடிவு சொல்லவில்லை. அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் என்ற இன்னும் துல்லியமான பரிசோதனை செய்தே உறுதிப்படுத்தினார்கள். இன்று எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு நம்பிக்கை மையங்களிலும் ஒரே பரிசோதனையை வைத்து 'பாசிட்டிவ்' என்று சொல்வதில்லை. அறிகுறி இல்லாதவருக்கு வெவ்வேறு வகையில் மூன்று பரிசோதனையும் ஒத்துவர வேண்டும்.