வேத சுவரத்தைக் கண்ணாலும் பார்க்கலாம்

வேதம் கற்றுக்கொள்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ப்ராட் என்று ஒரு இலவச மென்பொருள், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒலிப்பதிவைத் திறந்தால் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும். ரிக் வேதத்தின் முதல் சொற்களான 'அக்னிமீளே'யை நிதானமாகச் சொல்லிப் பதிவு செய்து பாருங்கள்: 'அ' அனுதாத்தம் என்ற தாழ்ந்த சுவரம் என்பதால் கோடு கீழே நிற்கும், 'க்னி' உதாத்தம், நடுவில், 'மீ' ஸ்வரிதம், மேலே ஏறும், 'ளே'யில் மறுபடி நடுவுக்கு வந்துவிடும். குருவின் பதிவையும் உங்களுடையதையும் அடுத்தடுத்து வைத்தால் எங்கே சறுக்கினோம் என்பது பளிச்சென்று தெரியும், எனக்கு இது பெரிய உதவி.

ஒருவர் குரல் மட்டும் பதிவாகட்டும், கோஷ்டியாகச் சொன்னால் கோடு குழம்பிவிடும். ஆண் குரலுக்கு மென்பொருளில் சுருதியின் எல்லையை 75 முதல் 300 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அப்புறம், குருவின் சுருதியும் உங்கள் சுருதியும் வேறாகத்தான் இருக்கும், அதனால் அளவை ஹெர்ட்ஸில் பார்க்காமல் செமிடோனில், அதாவது அரைச்சுர இடைவெளிகளில் பாருங்கள். 'புரோஹிதம்' சொல்லும்போது 'பு', 'த' தொடங்கும் இடங்களில் கோடு அறுந்தால் பயப்பட வேண்டாம், அந்த மெய்களில் குரல்நாண் அதிர்வதில்லை. சரியா தவறா என்பதைக் குருவிடமே கேளுங்கள், கோடு அதைச் சொல்லாது.