16 பிக்சல் உயரத்தில் ஓர் உருவத்தை நடக்க வைத்தல்

தனியாளாக கேம் உருவாக்குபவர்கள் பலர், எளிது என்று நம்பித்தான், சிறு சதுரப் புள்ளிகளால் (பிக்சல்களால்) படம் வரையும் பிக்சல் ஆர்ட் பக்கம் வருகிறார்கள். அசையாத படத்துக்கு அது ஓரளவு பொருந்தும். அசைவு என்று வந்துவிட்டால், அதற்காக வரிசையாக வரைய வேண்டிய தனித்தனிப் படங்களான ஃப்ரேம்களின் எண்ணிக்கையே ஆளைச் சோர்த்துவிடும். நிற்றல், நடத்தல், தாக்குதல் என்ற மூன்று அசைவுகளை நான்கு திசைகளுக்கும் எட்டெட்டு ஃப்ரேம்களில் வரைந்தால், ஒரே கதாபாத்திரத்துக்கு 96 படங்கள் தேவைப்படும். அசைவுக்கு நான்கு ஃப்ரேம் போதும் என்று முடிவுசெய்து, இடப்பக்கத்தை வலப்பக்கப் படத்தைத் திருப்பியே பெற்றுக்கொண்டால் அது 36 ஆகக் குறையும்.

ஏஸ்ப்ரைட், லிப்ரேஸ்ப்ரைட், உலாவியிலேயே இயங்கும் பிஸ்கெல் ஆகிய பிக்சல் வரைகலை மென்பொருள்களில் எதுவாயினும் தொடங்கப் போதும். முந்தைய ஃப்ரேமை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின் வசதியை மட்டும் முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். எட்டு நிறங்களுக்கு மேல் வேண்டாம்.

முதல் பயிற்சி, நின்றபடி மூச்சுவிடும் அசைவு. இரண்டாம் ஃப்ரேமில் தலையையும் தோளையும் ஒரு பிக்சல் கீழே இறக்குங்கள். பாதங்கள் நகரக் கூடாது. 16 பிக்சல் உயர உருவத்தில் ஒரு பிக்சல் என்பது, நிஜ மனிதரின் உயரத்தில் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர். எனவே அந்த அசைவு அளவுக்கு மீறித் தோன்றினால், கோட்டை நகர்த்தாமல் விளிம்பிலுள்ள பிக்சலின் நிறத்தை மட்டும் ஒரு படி மாற்றிப் பாருங்கள். பாதி பிக்சல் நகர்ந்ததுபோல் கண் ஏற்றுக்கொள்ளும்.

நடைக்கு இரண்டு நிலைகளே அடிப்படை: கால்கள் அகன்று குதிகால் தரையைத் தொடும் நிலை, ஒரு கால் மற்றதைக் கடக்கும் நிலை. கால்களை மாற்றி இவற்றையே மீண்டும் வரைந்தால் நான்கு ஃப்ரேம் ஆகிவிடும். கடக்கும் நிலையில் உடலை ஒரு பிக்சல் உயர்த்துங்கள். அது இல்லாவிட்டால் உருவம் சக்கரத்தில் உருண்டு போவதுபோல் இருக்கும். பார்ப்பவருக்கு அப்பால், உடலின் மறுபக்கத்தில் உள்ள கைகாலுக்குச் சற்று இருண்ட நிறம் கொடுக்காவிட்டால் எந்தக் கால் எது என்று உங்களுக்கே குழம்பும்.

நடை முடிந்த அன்றே அதை கேமை இயக்கும் மென்பொருளான எஞ்சினில் (கோடோ, யூனிட்டி போன்றவை) ஏற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. படம் பெரிதாகும்போது பிக்சல்கள் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஃபில்டர் அமைப்பை கோடோவில் நியரஸ்ட் என்றும் யூனிட்டியில் பாயின்ட் என்றும் மாற்றுங்கள். இல்லையேல் விளிம்புகள் மங்கிவிடும். திரையை 320×180 என வைத்தால், 1920×1080-க்குச் சரியாக ஆறு மடங்கு பெரிதாகும். பாதம் தரையில் வழுக்கினால் வேகத்தைக் கணக்கிடுங்கள்: ஊன்றிய பாதம் ஃப்ரேமுக்கு 4 பிக்சல் பின்னகர்ந்து, ஒவ்வொரு ஃப்ரேமும் 100 மில்லி விநாடி நீடித்தால், உருவம் விநாடிக்கு 40 பிக்சல் நகர வேண்டும்.

தாக்குதலில் படத்தைவிட நேரமே முக்கியம். வாளை ஓங்குதல் 60, வீச்சு 40, மீளுதல் 180 மில்லி விநாடி எனத் தொடங்கிப் பார்க்கலாம். வீச்சு ஃப்ரேமில் வாளைத் தெளிவாக வரையாமல், அது கடந்த பாதையை வெண்ணிறப் பிறையாகத் தீட்டினாலே போதும். பொத்தானை அழுத்திய வீரர் காத்திருப்பதால் ஓங்கும் நேரம் குறுகியிருக்க வேண்டும். எதிரிக்கோ அதே ஓங்கலை 400 மில்லி விநாடிக்கு நீட்டுங்கள், விலகிக்கொள்ள வீரருக்கு அவகாசம் கிடைக்கும்.