ஸ்ட்ரோக்கா (பக்கவாதம்) மூளைல கட்டியா, எப்படி பிரிச்சி பாக்குறது?

முதல்ல ஒன்னு, வாய் கோணி கை தொங்கிச்சின்னா வீட்ல உக்காந்து ஆராயாதீங்க, 108க்கு போன் பண்ணுங்க, ஏன்னா மூளை ரத்தக்குழாய் அடைப்ப கரைக்குற ஊசி பொதுவா ஆரம்பிச்சி 4.5 மணி நேரத்துக்குள்ள தான், குடியாத்தத்துல இருந்து வேலூர் வரவே கொஞ்சம் நேரம் போயிடும்.

டாக்டர் கேக்குற முதல் கேள்வி "எப்போ ஆரம்பிச்சிது?". ஸ்ட்ரோக் பட்டுனு வரும், காலைல டீ குடிக்கும்போது கிளாஸ் நழுவிச்சின்னு மணி சொல்லலாம். கட்டி அப்படி இல்ல. எங்க மாமாவுக்கு இடது கால் செருப்பு மட்டும் அடிக்கடி கழண்டு விழும், ரெண்டு மாசமா புது செருப்பு மாத்திட்டே இருந்தாரு, அப்புறம் விடிகாலைல தலைவலி, வாந்தி, ஒருநாள் வலிப்பு. வார் லூசுன்னு தான் நாங்களும் நெனச்சோம்!

ஆனா இத மட்டும் நம்பாதீங்க, கட்டிக்குள்ள ரத்தம் கசிஞ்சா அதுவும் திடீர்னு தான் வரும். சுகர் இறங்குனாலும் ஸ்ட்ரோக் மாதிரியே இருக்கும், அதனால விரல்ல குத்தி பாத்துடுவாங்க.

சிடி ஸ்கேன் நார்மல்னா நிம்மதி வேணாம், அடைப்பு முதல் சில மணி நேரம் அதுல தெரியாமலே போகலாம். எம்ஆர்ஐல டிஃப்யூஷன்னு ஒரு வகை படம் எடுத்தா பெரும்பாலும் தெரியும். அடைப்புன்னா ஒரு ரத்தக்குழாய் போற ஏரியா மட்டும் பாதிக்கும், கட்டி அந்த எல்லைய மதிக்காது, சுத்தி வீக்கமும் பரவும். டவுட்னா கான்ட்ராஸ்ட் (ஸ்கேன்ல தெளிவா தெரிய ஊசில ஏத்துற மருந்து) போடுவாங்க, சில வாரம் கழிச்சி திரும்ப எடுப்பாங்க. புற்றுநோய் கட்டியான்னு கடைசியா சொல்றது பயாப்ஸி தான், அதாவது கட்டில சின்ன துண்டு எடுத்து டெஸ்ட் பண்றது.

பழைய ஸ்கேன் ஃபிலிம், மாத்திரை சீட்டு எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பைல போட்டு கையோட எடுத்துட்டு போங்க.