பெயருக்கு முன்னால் மதுரை

மதுரைக்குப் பெருமை சேர்த்தவர்கள் என்று ஒரு விழா மலருக்குத் தொகுத்த பட்டியல், மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. சங்கப் புலவர், சோழ மன்னர், பாடகர், காவல் தெய்வம் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். பெயரிலோ பட்டத்திலோ மதுரை இருந்தால் போதும், எதிரே ‘மதுரையில் பிறந்தவர்’ என்று போட்டிருந்தார்கள். சிவப்பு மைக்கு நல்ல வேலை.

இதுதான் முதல் தவறு, எல்லோரும் செய்வது. பெயருக்கு முன்னால் வரும் ஊர் பிறந்த ஊராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பாடகர் மதுரை சோமு 1919இல் பிறந்தது சுவாமிமலையில். மதுரை அவர் வளர்ந்து பேர் எடுத்த ஊர். மதுரை வீரனோ, கதைப்படி காசியில் பிறந்தவன். மதுரை அவன் உயிர்விட்ட ஊர்.

தலைப்பெழுத்தில் இன்னும் கவனம் வேண்டும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘எம்’ மதுரை, ‘எஸ்’ அவருடைய தாயார் வீணைக் கலைஞர் சண்முகவடிவு. எம்.எஸ். 1916இல் பிறந்ததும் மதுரையில்தான். அதே கணக்கை எம்.எல். வசந்தகுமாரிக்குப் போட்டால் தப்பாகிவிடும். அவருடைய ‘எம்’ மெட்ராஸ், ‘எல்’ தாயார் லலிதாங்கி. எம்.எஸ். விஸ்வநாதனுக்கோ அது ஊரே அல்ல. மனயங்கத் என்ற பாலக்காட்டு வீட்டுப் பெயர். எழுத்து ஒன்றுதான், விரித்தால் மூன்று வேறு வழிகளில் போகிறது.

சங்கப் புலவர்களிடம் வந்தால் எனக்கு நிறுத்த மனம் வராது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற பெயரில் ஊரும் இருக்கிறது, தொழிலும் இருக்கிறது. அறுவை என்றால் துணி. மனிதர் துணி வியாபாரி. ‘அறுவை’ என்பதைப் பார்த்து அவரை மருத்துவராக்கியிருந்தது நம் பட்டியல்! மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் பெயரில் ஊரே இரண்டு: தானியம் விற்றது மதுரையில், சீத்தலை அவருடைய சொந்த ஊர் என்பார்கள். பிழையான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தலையில் குத்திக்கொண்டு, தலை சீழ்ப்பிடித்ததால் வந்த பெயர் அது என்ற கதையும் உண்டு. மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு அந்தக் கதைதான் பிடிக்கும். மணிமேகலை பாடிய சாத்தனாரும் சங்கப் பாடல்களின் சாத்தனாரும் ஒருவரா, இருவரா என்ற வாதம் தீரவில்லை. ஆகவே பெயர் ஒத்திருப்பதை வைத்து இருவரையும் ஒரே வரியில் அடைக்கக் கூடாது.

நூல் தலைப்புகளில் பொறி வேறு மாதிரி. மதுரைக்காஞ்சியைப் பார்த்துவிட்டுக் காஞ்சிபுரத்தையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காஞ்சி ஊர் அல்ல. நிலையாமையைச் சொல்லும் புறத்திணை. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு மாங்குடி மருதனார் 782 அடிகளில் பாடியது அது. ‘மதுரா விஜயம்’ என்றதும் கண்ணன் பிறந்த வட நாட்டு மதுராவை நினைக்க வேண்டாம். விஜயநகர இளவரசர் குமார கம்பணர் நம் மதுரையை வென்றதை அவருடைய மனைவி கங்காதேவி சமஸ்கிருதத்தில் பாடிய காவியம் அது. திருப்பாவையின் ‘வடமதுரை’ மட்டும் வடக்கே இருக்கும் மதுராதான். திண்டுக்கல் பக்கத்து வடமதுரையிலும் பெருமாள் கோயில் இருப்பதால் குழப்பத்துக்குக் கேட்பானேன்.

மன்னர் பட்டங்கள்தான் வேடிக்கை. முதலாம் பராந்தகன் ‘மதுரை கொண்ட’ சோழன். பிறகு ‘மதுரையும் ஈழமும் கொண்ட’ என்று வளர்ந்தது பட்டம். மூன்றாம் குலோத்துங்கன் ‘மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய’வன். ஊரைத் தாக்கிப் பிடித்தவர்களை ஊருக்குப் பெருமை சேர்த்தவர்கள் பட்டியலில் உட்காரவைத்திருந்தார்கள். அடித்துவிட்டு, ‘பகைவர்’ என்று ஓரத்தில் குறித்தேன்.

கணினியில் தேடித் தொகுக்கிறவர்களுக்கு எழுத்துக்கூட்டலும் காலை வாரும். குடவோலை முறையைச் சொல்லும் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஊரின் பெயர் ‘மதுரை’ இல்லை. கல்லில் இருப்பது ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’. கோப்பரகேசரி என்பது பராந்தகனின் பட்டம்.