மைனா எச்சமும் 5 காசு நாணயமும்: குறைந்த செலவில் ஒரு மேக்ரோ லென்ஸ்

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கிறார். ஒருநாள் இலைமேல் கறுப்பும் வெள்ளையுமாக எதையோ பார்த்து, "இந்த மைனா தொல்லை தாங்கலப்பா" என்று துடைக்கத் துணியோடு வந்தார். உற்றுப் பார்த்தால் எச்சம் அசைகிறது. சின்ன வயதில் பறவை எச்சம் போலவே வேஷம் போடும் வண்ணத்துப்பூச்சிப் புழு அது. கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளைத் தேடி வந்து முட்டையிடும் இனம். கேமராவை எடுத்து வந்தேன். கேமராவோடு வந்த கிட் லென்ஸில் அது ஒரு புள்ளி. இன்னும் நெருங்கினால் ஃபோகஸ் பிடிக்க மாட்டேன் என்றது. அன்றிரவு, சின்னப் பொருளை நெருக்கத்தில் பெரிதாக எடுக்கும் புது மேக்ரோ லென்ஸ்களின் விலையைத் தேடினேன், பலவும் ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். கணினியை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அப்புறம் இரண்டு வருஷம் வாங்கி, விற்று, ஏமாந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஸ்கேலை எடுத்து, நீங்கள் எடுக்கப்போகிற பொருள் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பாருங்கள். மனைவி ஆன்லைனில் விற்கும் ஜிமிக்கி, தேக்காவில் வாங்கிய மல்லிகைச் சரம், அப்பாவின் பழைய கைக்கடிகாரம், இதற்கெல்லாம் 1:2 உருப்பெருக்கமே, அதாவது நிஜத்தில் பாதி அளவே, தாராளம். தாவும் சிலந்தி, எறும்பு என்று போனால்தான் 1:1 வேண்டும். 1:1 என்றால் பொருள் நிஜத்தில் எவ்வளவோ அதே அளவுக்கு, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும். பல கேமராக்களில் இருக்கும் சிறிய வகையான ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் சுமார் 23 மில்லிமீட்டர், ஆக 6 மில்லிமீட்டர் சிலந்தி படத்தின் அகலத்தில் கால்வாசியை நிரப்பும். எளிய வித்தையாகத் தோன்றினாலும் இதைச் செய்யாமல் வாங்கியதால்தான் என் முதல் லென்ஸ் வீணானது. பழைய ஜூம் ஒன்றில் 'மேக்ரோ' என்று அழகாக அச்சடித்திருந்தது, நம்பி வாங்கினேன். அப்படி எழுதியிருக்கும் ஜூம்களில் பெரும்பாலானவை 1:3 அல்லது 1:4 வரைதான் போகும்.

கடையில் இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. 2013க்குப் பிறகு வந்த நம்ம ஊர் 5 காசு நாணயத்தின் விட்டம் 16.75 மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி கேமராவில் லென்ஸை அதன் மிக நெருக்கமான ஃபோகஸில் வைத்து, நாணயம் தெளிவாகும் வரை நீங்களே முன்னும் பின்னும் அசையுங்கள். நாணயத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் படத்துக்கு வெளியே போனால் உண்மையான 1:1. முழு நாணயமும் சுற்றிலும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தால் விற்பவர் என்ன சொன்னாலும் இல்லை. அதைவிடப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவென்றால் ஒரு வெள்ளி நாணயம், அது 24.65 மில்லிமீட்டர், அங்கேயும் மேலும் கீழும் துளி வெட்டுப்பட வேண்டும்.

அடுத்தது தூரம். 30 எம்எம் குவியத் தூரமுள்ள மேக்ரோ விலை குறைவு, ஆனால் 1:1 எடுக்க லென்ஸின் மூக்கு பூச்சியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரில் இருக்கும்; உங்கள் நிழலே அதன்மேல் விழும், பூச்சி பறந்துவிடும். நகைக்கும் நாணயத்துக்கும் சரி, உயிருள்ளதற்கு வேண்டாம். 60 எம்எம் பரவாயில்லை. 90, 100 எம்எம் இருந்தால் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். லென்ஸில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தைப் பார்த்து மயங்காதீர்கள், அது சென்சாரிலிருந்து அளப்பது. டாம்ரான் 90இல் 29 சென்டிமீட்டர் என்று இருந்தால் அதில் பெரும்பகுதியை லென்ஸும் கேமராவும் விழுங்கிவிடும்.

சரி, கையில் 100 வெள்ளிதான் இருக்கிறது என்றால்? வீட்டில் 55-200 அல்லது 55-250 மாதிரி ஜூம் ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால் புது லென்ஸே தேவையில்லை. ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்று ஒரு கண்ணாடி, ஜூமின் முன்னால் கிளிப் போலக் கவ்விக்கொள்ளும், 52 முதல் 67 எம்எம் வரை ஃபில்டர் விட்டம் இருந்தால் போதும். அதன் திறன் 8 டயாப்டர், இந்த எண் கூடக் கூட உருப்பெருக்கமும் கூடும். ஜூமை 200இல் வைத்து முடிவிலிக்கு ஃபோகஸ் செய்தால் 1.6 மடங்கு உருப்பெருக்கம், பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே சுமார் 12 சென்டிமீட்டர். அதன் தம்பி டிசிஆர்-150, 4.8 டயாப்டர், தூரம் 20 சென்டிமீட்டர் சொச்சம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதுதான் பொறுமையைச் சோதிக்காது. என் கருத்தைக் கேட்டால் இதோடு மூன்று மாதம் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் ஆசை தீரவில்லை என்றால் மட்டும் லென்ஸ் வாங்குங்கள்.

எக்ஸ்டென்ஷன் டியூப் இன்னும் மலிவு, உள்ளே கண்ணாடியே கிடையாது, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெறும் குழாய். ஜூம் இல்லாத 50 எம்எம் பிரைம் லென்ஸோடு நன்றாக வேலை செய்யும். மின்தொடர்பு இல்லாத மலிவு டியூப் வாங்கினால் அப்பர்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, மாற்ற முடியாமல் திண்டாடுவீர்கள், பத்துப் பதினைந்து வெள்ளி கூடப் போட்டு நல்லதையே வாங்குங்கள். லென்ஸைத் தலைகீழாக மாட்டும் ரிவர்ஸ் ரிங் வேடிக்கைக்கு ஓகே.

லென்ஸ்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு பழைய 90 அல்லது 100 எம்எம் செகண்ட் ஹேண்டுக்கு. டாம்ரான் 90 எஃப்2.8, டோக்கினா 100 எஃப்2.8, கேனன் கேமராவென்றால் பெயரில் எல் என்ற எழுத்து இல்லாத பழைய 100 எஃப்2.8. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் இல்லை, ஆட்டோஃபோகஸ் முனகிக்கொண்டே தேடும், இருக்கட்டும். இந்த நெருக்கத்தில் யாரும் ஆட்டோஃபோகஸை நம்புவதில்லை, மேனுவலில் வைத்து உடம்பை ஊஞ்சல் போல லேசாக ஆட்டி, கண் தெளிவாகும் நொடியில் அழுத்துவதுதான் வழக்கம். மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் அடாப்டர் போட்டு முழு மேனுவல் லென்ஸ் கூட எடுக்கலாம். நிக்கானின் பழைய 55 எம்எம் மைக்ரோ அற்புதமான கண்ணாடி, தனியாக 1:2 வரைதான் போகும், அவ்வளவே.

எங்கே வாங்குவது? சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராக் கடைகள் இருக்கின்றன, ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். ஆன்லைன் சந்தையான கரோசெல்லில் விலை இன்னும் கம்மி, ஆனால் எம்ஆர்டி வாசலில் சந்தித்து ஐந்து நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். நான் அப்படித்தான் ஒருவரிடம் 180 வெள்ளிக்கு ஒரு லென்ஸ் வாங்கினேன், மனுஷன் பார்க்க நல்லவராகத்தான் இருந்தார். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை! நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு அலமாரியில் இரண்டு வருஷம் சும்மா கிடந்தாலே போதும். அதனால் கேமராவையும் 5 காசையும் கூடவே கொண்டு போங்கள், அப்பர்சரை முழுக்கத் திறந்து, போன் டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்த்து அடித்து, லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தூசி இரண்டு இருந்தால் பாதகமில்லை. மெல்லிய நூலாகக் கிளை விட்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். வெளிநாட்டுத் தளத்தில் புதிது வாங்குபவர்கள் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், 2023இலிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட சாமானுக்கும் அது உண்டு.

பட்ஜெட்டில் ஒரு பங்கை ஃபிளாஷுக்கு ஒதுக்குங்கள். 1:1இல் எஃப்8 வைத்தால் ஃபுல் ஃபிரேமில் தெளிவாக விழுவது சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழம், சிலந்தியின் கண் தெரிந்தால் முதுகு தெரியாது. துளையை எஃப்22 வரை சுருக்கினால் படம் மொத்தமாக மழுங்கும். எஃப்8, எஃப்11 போதும், ஆனால் வெளிச்சம் வேண்டும். மெக்ரிச்சி மரங்களுக்கடியில் நண்பகலிலேயே இருட்டாக இருக்கும். சின்ன மேனுவல் ஃபிளாஷ், அதன்முன் வெள்ளைச் சமையலறைக் காகிதத்தை வளைத்துக் கட்டிய, வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூசர், என்னுடையது இன்றும் அதுதான்.

லென்ஸ் வந்த அன்றே காற்றுப்புகா டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் வாங்கிவிடுங்கள், சின்ன ஈரப்பதமானி ஒன்றும் உள்ளே போட்டு ஈரப்பதத்தை 40க்கும் 50 விழுக்காட்டுக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போனால் கண்ணாடி பனித்துவிடும். பையை மூடியபடியே வாசலில் அரை மணி நேரம் வையுங்கள், அதற்குள் கறிவேப்பிலைத் தொட்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.