பிரெஞ்சு சப்ஜங்டிவ்: பன்மை வடிவத்திலிருந்து தொடங்குங்கள்

டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வில் பி1 அளவுக்கு வந்தவர்கள் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் சப்ஜங்டிவ், அதாவது "வேண்டும்", "விரும்புகிறேன்" போன்றவற்றுக்குப் பின்னால் வரும் தனி வினை வடிவம். சாதாரண நிகழ்காலத்தை ஆறு இடங்களுக்கும் (ஜ - நான், த்யூ - நீ, இல்/எல் - அவன்/அவள், நூ - நாம், வூ - நீங்கள், பன்மை இல் - அவர்கள்) எழுதத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். பிரெஞ்சுச் சொற்களை இங்கே காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டல் தேவைப்படும் இடத்தில் ஆங்கில எழுத்துப் பெயர்களைச் சொல்கிறேன். நோட்டில் நீங்கள் பிரெஞ்சிலேயே எழுதுங்கள்.

"இல் ஃபோ க" என்றால் "வேண்டும்". தமிழில் நான் வர வேண்டும், நீ வர வேண்டும், அவர்கள் வர வேண்டும் என்று யார் வந்தாலும் "வர" மாறாது. பிரெஞ்சில் "க"வுக்குப் பின்னால் வரும் வினை ஆளுக்கு ஆள் மாறும். தமிழ்ப் பழக்கத்தில், "வா" என்ற பொருள் தரும் வனீர் வினையை வைத்து "இல் ஃபோ க த்யூ வனீர்" என்று வினையை அப்படியே விட்டுவிடுவதுதான் முதல் தவறு. "இல் ஃபோ க த்யூ வியென்" என்பதே சரி.

படி 1. பன்மை "இல்" வடிவத்தை எழுதுங்கள். "எடு" என்ற பொருள் தரும் ப்ராந்த்ர் வினைக்கு அது "இல் ப்ரென்": பி-ஆர்-ஈ-என்-என்-ஈ-என்-டி. கடைசி ஈ-என்-டியை வெட்டினால் மிஞ்சுவது பகுதி.

படி 2. விகுதி சேருங்கள். ஜ-வுக்கு ஈ, த்யூ-வுக்கு ஈ-எஸ், ஒருமை இல், எல் இரண்டுக்கும் ஈ, பன்மைக்கு ஈ-என்-டி. எழுத்தில் மூன்று வகை, காதில் நான்கும் ஒன்றே: ப்ரென்.

படி 3. நூ, வூ இரண்டுக்கும் பகுதி வேறு இடத்திலிருந்து வரும். "நூ ப்ரனோன்" என்பதில் ஓ-என்-எஸ் வெட்டி, ஐ-ஓ-என்-எஸ், ஐ-ஈ-இசட் சேர்த்தால் ப்ரனியோன், ப்ரனியே. இங்கே ஒரே ஒரு என். "இல் ஃபோ க நூ ப்ரனியோன் ல மெத்ரோ" என்றால் நாம் மெட்ரோவில் போக வேண்டும். இம்பர்ஃபே என்ற இறந்தகால வடிவத்தைக் கற்றவர்களுக்கு இந்த இரண்டு வடிவமும் ஏற்கெனவே தெரியும், அதே எழுத்து.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது முதல் படியில்தான். "நான்" என்று தொடங்கும் வாக்கியம் வேண்டும் என்பதால் கை தானாக "ஜ ப்ரான்" என்ற ஒருமை வடிவத்துக்குப் போகும். அதன் கடைசி எஸ்ஸை எடுத்து ஈயை ஒட்டினால் "ப்ராந்த்" என்று பிரெஞ்சில் இல்லாத ஒரு சொல் கிடைக்கும். "முடி" என்ற பொருள் தரும் ஃபினீர் வினையிலும் இதே கதை: "ஜ ஃபினி" என்பதிலிருந்து போனால் எஸ்-எஸ் தொலைந்துவிடும். பன்மையிலிருந்து போனால் "க ஜ ஃபினிஸ்" என்று சரியாக வரும். காரணம் எளிது. ஒருமையில் விழுங்கப்படும் மெய்யெழுத்து பன்மையில் வாய்விட்டு ஒலிக்கும், சப்ஜங்டிவ் அந்த ஒலியைத்தான் எடுத்துக்கொள்கிறது. பார்தீர், அதாவது கிளம்பு: "இல் பார்" என்றால் கிளம்புகிறான், "கில் பார்த்" என்றால் அவன் கிளம்ப வேண்டும் என்ற தொனி. அந்தக் கடைசித் "த்" காதில் விழுகிறதா என்று கவனித்துக் கேளுங்கள்.

பல பாடங்கள் பார்லே, அதாவது "பேசு", வினையில் தொடங்குகின்றன. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈ-ஆரில் முடியும் வழக்கமான வினைகளில் நூ, வூ தவிர மற்ற நான்கும் சாதாரண நிகழ்காலம் போலவே இருக்கும். சரியாகச் செய்தோமா, தற்செயலாக அமைந்ததா என்றே தெரியாது. ப்ராந்த்ர், வனீர், ப்வார் (குடி) மூன்றில் பழகுங்கள். ப்வாரில் பன்மை "ப்வாவ்", நூ வடிவம் "ப்யூவியோன்". இரண்டு பகுதிகளின் வேறுபாடு கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்.

விதிக்குள் வராதவை கைவிரல் எண்ணிக்கைதான். ஃபேர், ஸவ்வார், பூவ்வார் மூன்றும் ஆறு இடத்துக்கும் ஒரே பகுதி வைத்துக்கொள்ளும்: ஃபாஸ், ஸாஷ், ப்யூயிஸ். அலே, வூல்வார், வல்வார் மூன்றும் நான்கு இடத்தில் ஆய், வெய், வாய் என்று மாறி, நூ, வூ வந்ததும் அலியோன், வூலியோன், வலியோன் என்று விதிக்குத் திரும்பிவிடும். எத்ர், அவ்வார் இரண்டையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். ஃபால்வார் "இல்" ஒருமையில் மட்டும் வரும்.

எத்ர், அவ்வாரில் ஒரு எழுத்துப் பிழை அடிக்கடி வரும். "ஸ்வாயோன்", "ஏயோன்" இரண்டிலும் ஒய்க்குப் பின் ஐ கிடையாது. ஆனால் "பார்" என்ற பொருள்படும் வ்வார் வினையில் "நூ வ்வாயியோன்" என்று ஒய்க்குப் பின் ஐ கட்டாயம். அது நூ வடிவத்திலிருந்து விதிப்படி வருவது. எத்யூதியே வினையில் இரண்டு ஐ அடுத்தடுத்து நிற்கும். அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிடாதீர்கள்.

சரிபார்க்க பிரெஞ்சு விக்சனரியின் வினை அட்டவணை போதும், ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒலிக்குறி இருக்கிறது. ஆங்கி என்ற மனப்பாடச் செயலியில் அட்டை போடுகிறவர்கள் வினையை மட்டும் போடாமல் "இல் ஃபோ க நூ" என்று தொடங்கி வினையைக் காலியாக விடுங்கள். நூ, வூ அட்டைகள் இரண்டு மடங்கு இருக்கட்டும்.

பின்சேர்க்கை: எப்போது பயன்படுத்துவது என்று கேட்டவர்களுக்கு. ஆள் ஒன்றே என்றால் சப்ஜங்டிவ் வேண்டாம். "நான் கிளம்ப விரும்புகிறேன்" என்பது "ஜ வ பார்தீர்". ஆள் மாறினால்தான் "ஜ வ க த்யூ பார்த்". தமிழிலும் இப்படித்தானே: "நீ கிளம்ப வேண்டும் என்று விரும்புகிறேன்" என்று "என்று" போட்டு நீட்டுகிறோம். அந்த "என்று" வரும் இடத்தில் விழிப்பாக இருங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள். எஸ்பெரே க, அதாவது "என்று நம்புகிறேன்", சாதாரண வடிவத்தையே எடுக்கும்.

"முன்" என்ற பொருள் தரும் "அவான் க"வுக்குச் சப்ஜங்டிவ், "பின்" என்ற பொருள் தரும் "அப்ரே க"வுக்குச் சாதாரண வடிவம். பேச்சில் பிரெஞ்சுக்காரர்களே அப்ரே கவுக்கும் சப்ஜங்டிவ் போடுவது காதில் விழும், தேர்வில் போடாதீர்கள். "அவான் கில் ந பார்த்" என்பதில் வரும் "ந" எதிர்மறை இல்லை. அவன் கிளம்புவதற்கு முன் என்றே பொருள், ந-வை விட்டுவிட்டாலும் வாக்கியம் சரிதான்.